கெசியா சொன்ன தப்புகள்

ரட்சணியபுரத்தில் தப்பு செய்தவர் என்று இப்போது ஒருவரும் கிடையாது. சந்தேகம் என்றால் போய்க் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காப்பி வாங்கிக் கொடுத்து, வேதக்கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, அது இத்தனை அடி உயரம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரே ஒரு சின்னப்பிள்ளை பண்ணுன அநியாயத்தத் தவிர எங்க ஊர்ல ஒரு குத்தம் கொறை கெடையாது" என்பார்கள். அந்தச் சின்னப்பிள்ளை கெசியா. கண்டக்டர் ஆசீர்வாதத்தின் மகள். இதெல்லாம் தொடங்கியபோது அவளுக்கு ஐந்து வயசு, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

அவளுடைய அம்மா பியூலாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீதனங்களில் ஒரு பித்தளைக் குத்துப்போணியும், ஒரு தையல் மிஷினும், ஒரு வழக்கமும் உண்டு. போணி நசுங்கிப் போயிற்று, மிஷின் துருப்பிடித்தது, வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தப்பு சொல்ல வேண்டும். அன்றைக்குச் செய்த தப்பு. சொல்லி, ஏசப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால்தான் சோறு. பெரியவர்கள் சொல்ல வேண்டியதில்லை. பியூலா தன் அம்மா வீட்டில் பிள்ளையாக இருந்தபோது நாள் தவறாமல் சொன்னாள். கல்யாணமான அன்றோடு நிறுத்தினாள். கல்யாணமான பிறகுதான் மனுஷர் பெரிய தப்புகளாகச் செய்ய ஆரம்பிக்கிறார்கள் என்பதை அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

மூத்தவன் ரூபனுக்கு எட்டு வயசு. அவனுக்குத் தப்புக்குப் பஞ்சமே இல்லை. கைவசம் இருப்பதில் சின்னதாகப் பார்த்து ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு, பெரியதையெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். கெசியாதான் திண்டாடுவாள். அவள் ஒரு வம்புதும்புக்குப் போகாத பிள்ளை. உட்கார் என்றால் உட்காருவாள், போய்த் தட்டெடுத்து வை என்றால் வைப்பாள், பக்கத்து வீட்டுக் கோழி தூங்குகிறது என்று நுனிக்காலில் நடப்பாள். இதெல்லாம் தொடங்கிய அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதியே, அதுதாம்ட்டி பெரிய தப்பு. பெருமை. தப்பு இல்லாத மனுஷன் உலகத்துல உண்டா? நல்லா யோசி. சாளைமீன் கொழம்பு ஆறுது."

கெசியா மூடிய கண்ணுக்குள்ளேயே யோசித்தாள். பிறகு, யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றில்லாமல், அம்மாவுக்கு ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டுமே என்ற கவலையில், "ஏசப்பா, செவுத்துக் கடியாரத்துக் கண்ணாடிய நான் ஒடச்சுட்டேன், என்ன மன்னிச்சுக்கிடும்" என்றாள்.

கடிகாரத்தை உடைத்தது ரூபன். பந்து வீசி உடைத்து, சில்லைப் பொறுக்கும்போது பெருவிரலைக் கிழித்துக்கொண்டு, துணி சுற்றி மறைத்து வைத்திருந்தான். பியூலாவுக்கு அது தெரியும்; அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து பார்த்தால், ரூபனின் துணி நெகிழ்ந்து உள்ளே விரல் முழுசாக இருந்தது, கெசியாவின் பெருவிரலில் காயம் இருந்தது. பியூலா ரூபன் விரலிலிருந்த துணியை அவிழ்த்து, உதறி, கெசியாவின் விரலில் சுற்றிக் கட்டினாள். பிறகு சோறு போட்டாள். குழம்பு ஆறித்தான் போயிருந்தது.

ரூபன் அன்று மூன்றுதரம் வாங்கிச் சாப்பிட்டான். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் பக்கத்துத் தெருவில் யாரோ செய்ததைக் கேள்விப்பட்டவன் போல, "நம்ம கெசியாதானம்மா ஒடச்சா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

சுவருக்கு அடுத்த பக்கம் மெர்லின் அக்கா. அவளுடைய மாமியார் கடைசி வருஷம் எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தாள். ராத்திரி படுக்கையை நனைத்துவிடுவாள் என்று, மெர்லின் அக்கா வெயில் தாழ்ந்த பிறகு கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. கிழவி கேட்பாள். கேட்டுக்கேட்டு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதிலிருந்து மெர்லின் அக்காவுக்கு எந்தத் தண்ணீரும் உப்புக் கரித்தது. பச்சை இளநீரே கடல்தண்ணியாகத்தான் இறங்கியது. ரூபன் பந்து வீசியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தவள், கெசியாதான் உடைத்தாள் என்று அவன் வாயாலேயே கேட்டதும் சங்கதியைப் புரிந்துகொண்டு, ஒரு தட்டு முந்திரிக்கொத்தோடு வந்து கெசியாவின் பக்கத்தில் குந்தினாள்.

"யம்மா கெசியா, சாயங்காலம் சொல்லுததுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னு முழிப்பியாமே? அக்கா ஒண்ணு தாரேன், சொல்லுதியா?"

கெசியாவுக்குச் சந்தோஷம். ஒருநாள் கவலை தீர்ந்தது.

மறுநாள் விடியற்காலம் மெர்லின் அக்கா கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீரை மோந்து குடித்துச் சிரித்ததைத் தெருவே பார்த்தது. கெசியா தம்ளரை வாயில் வைத்துவிட்டு எடுத்து, "யம்மா, தண்ணி கரிக்கு" என்றாள். பியூலா கொஞ்சம் கருப்பட்டியை நுணுக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? பலசரக்குக் கடைப் பொன்னுத்துரை நாடார் வந்தார். தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அமுக்கியே மாடி கட்டியவர். மறுநாள் அவர் விரல் நிமிர்ந்தது, கெசியாவின் விரல் சப்பையாயிற்று. ஞானையா வாத்தியார் வந்தார். செல்லத்துரை என்ற பையனை அறைந்து ஒரு காதைச் செவிடாக்கியவர். அதற்குப் பிறகு கெசியாவின் வலது உள்ளங்கை எப்போதும் சிவந்து தகதகவென்று கிடந்தது. ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். தம்பி பங்கு நிலத்தைத் தள்ளி வேலி போட்டவர், கூட்டாளியின் பெண்டாட்டியைப் பற்றி இல்லாததைச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கலைத்தவள், நோயாளிக் கன்றுக்குட்டியை நல்ல கன்றென்று விற்றவன், எல்லோரும் அச்சுமுறுக்கும் பனங்கிழங்கும் மஸ்கோத் அல்வாவுமாக வந்தார்கள். வரிசையில் தள்ளுமுள்ளு ஆகவே, கோயில் உபதேசியார் தாமே முன்வந்து வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பெண்களுக்கு ஒரு நாள், ஆண்களுக்கு ஒரு நாள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு முதலிடம் என்று ஒழுங்குபண்ணினார். தின்பண்டமெல்லாம் ரூபன் வயிற்றுக்குப் போயிற்று. கெசியா எதையும் தொடுவதில்லை. "நான் நெறைய தப்பு பண்ணிருக்கேம்லாம்மா" என்பாள்.

ஐயர் முதலில் இதைக் கண்டித்தார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மேஜையைத் தட்டி, நம்முடைய பாரத்தைச் சுமக்க ஏற்கெனவே ஒருவர் வந்தாயிற்று, இனிமேல் இன்னொருவர் வரத் தேவையில்லை என்றார். ஊர் பயபக்தியாகத் தலையாட்டிவிட்டு, ஆராதனை முடிந்ததும் நேராகப் பெஞ்சுக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஐயரே தொலைந்த கோழியைத் தேடுகிறவர் போலப் பின்வாசல் வழியாக வந்தார். அன்று சாயங்காலம் கெசியா, "ஏசப்பா, ஒருத்தரும் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டே நான் இத்தன வருசமா ஜெபம் பண்ணுனேன்" என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஐயரின் பிரசங்கத்தில் ஒரு வல்லமை வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து கேட்டார்கள். கெசியா மட்டும் ஜெபம் முடிந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பியூலாவுக்கு அப்போது பெருமைதான். உள்ளதைச் சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கடைசி வரிசையில் இருந்தவளை முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். ஐயரம்மாவே எழுந்து நாற்காலி போட்டாள். பிள்ளையின் கையை யாராவது பார்த்து உச்சுக்கொட்டினால், "கர்த்தர் கொடுத்த ஊழியம்லா" என்பாள். ஆசீர்வாதம் ஒருநாள் டூட்டி முடிந்து வந்து, மகளின் சப்பைவிரலைப் பிடித்துப் பார்த்து, "போதும் பியூலா, பிள்ளைய விட்டுரு" என்றான். ஆனால் அவனுக்கும் ஒன்று இருந்தது. ஒரு மழை நாளில், சில்லறைக்கு வாதாடிய ஒரு கிழவியை அத்துவானக் காட்டில் இறக்கிவிட்டு விசில் கொடுத்திருந்தான். அதை மகள் காதில் சொன்ன பிறகு அவனும் போதும் என்று சொல்வதை விட்டுவிட்டான்.

அந்த வருஷத்து அசனம் போல ஒரு அசனம் ரட்சணியபுரம் கண்டதில்லை. கோயில் வளவில் பந்தல் போட்டு, ஊரே உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்னும் பண்டிகை அது. முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஒன்றை யாரும் நினைக்கவில்லை. தப்பு செய்தவர்கள்தான் ஊரில் இல்லாமல் போனார்களே தவிர, அந்தத் தப்புகளால் அடிபட்டவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களுக்கு நோவு நோவாகவே இருந்தது, கோபமும் இருந்தது, அந்தக் கோபம் போக ஓரிடம்தான் இருந்தது. வளர்ந்து இப்போது ஆட்டோ ஓட்டும் செல்லத்துரை, ஞானையா வாத்தியாருக்குப் பக்கத்தில் சிரித்துப் பேசித் தின்றுகொண்டிருந்தவன், எதிர் வரிசையில் கெசியா வந்து உட்கார்ந்ததும் செவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு இலையோடு எழுந்து போனான். மெர்லின் அக்காவின் செத்துப்போன மாமியாருடைய மகள், கெசியா நீட்டிய தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கெசியா இருந்த வரிசையில் கெசியா மட்டும் இருந்தாள். அவள் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தாள்.

பியூலா இதைப் பார்த்தாள். பார்த்தவளுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும், எரிந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் அவள் மனசில் வந்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் எண்ணிப் பார்க்க முடியாமல் போயிற்று. இந்தப் பந்தலில் இத்தனை பேரும் இறகு மாதிரி இருக்கிறார்களே, நான் ஒருத்தி மட்டும் இன்னும் சுமக்கிறேனே என்று நினைத்தாள்.

அவள் சுமந்தது இதுதான். ரூபன் பால்குடி மறப்பதற்குள், உடம்பு தேறாமல் கிடந்த நாளில், கெசியா வயிற்றில் தங்கிவிட்டாள். பியூலாவுக்கு அந்தப் பிள்ளை வேண்டாம். யாருக்கும் தெரியாமல் பச்சைப் பப்பாளிக்காயைத் தின்றாள். எள்ளைத் தின்றாள். படியிலிருந்து குதித்தாள். பிள்ளை போகவில்லை, உட்கார் என்று யாரோ சொன்னது போல உட்கார்ந்தே இருந்து, பத்து மாதம் முடிந்ததும் சத்தமில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு பியூலா மீன் வாங்கினால் வயிற்றுக் கண்டம், இருப்பதிலேயே நல்ல துண்டு, கெசியாவுக்குத்தான். ரூபனுக்கு அடி விழும், கெசியாவுக்கு விழாது. தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலை முத்தமிட்டு, ஏன் என்று தெரியாத மாதிரி அழுவாள்.

அசனத்திலிருந்து திரும்பி, மணி அடிக்குமுன் மகளைக் கூட்டி உட்கார வைத்துச் சடை பின்னினாள். முகத்துக்கு முகம் சொல்ல முடியாது, பின்னால் இருந்துகொண்டு சொல்லலாம்.

"ஒரு அம்மா இருந்தா" என்று தொடங்கினாள். "அவளுக்கு வயித்துல ஒரு பிள்ள இருந்துது. அது வேண்டாம்னு நெனச்சா. பப்பாளிக்கா தின்னா."

"எந்தப் பிள்ளம்மா?"

பியூலா ரிப்பனை முடிந்தாள். அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள். "நீதாம்ட்டி" என்றாள்.

கெசியா ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளினாள். பிறகு, "சரிம்மா, சொல்லிருதேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். பாயில் உட்கார்ந்து, சப்பைவிரலோடு கைகளைக் கோத்துக்கொண்டு, "ஏசப்பா, நான் கெசியா வேண்டாம்னு நெனச்சேன், பப்பாளிக்கா தின்னேன், என்ன மன்னிச்சுக்கிடும்" என்று சொன்னாள். ரூபன் கொட்டாவி விட்டான். ஆமென் ஆயிற்று. பியூலா அன்று தூங்கியது போல கெசியா பிறந்ததிலிருந்து தூங்கியதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வயிற்றுக் கண்டம் யார் கைக்கு வந்ததோ அவர்களுக்கு. பியூலா பாடிக்கொண்டே வீடு பெருக்கினாள். பல் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை, கெசியா தானே கூரைமேல் எறிந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் தட்டு எடுத்து வைப்பது கெசியாவின் வேலை. அவள் வைத்தாள், பியூலா பரிமாறினாள், தின்றாள், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். இப்படி எத்தனை நாள் போயிற்றோ. ஒருநாள் ஆசீர்வாதம் பகல் டூட்டி பார்த்துவிட்டு நேரத்தோடு வந்து பாயில் உட்கார்ந்தவன், கண்ணால் எண்ணினான். தட்டு மூன்றுதான் இருந்தது.

"பிள்ளைக்குத் தட்டு எங்க?"

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் கெசியா. அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். நிற்பதே தெரியவில்லை, அத்தனை மெலிந்திருந்தாள்.

"சோறா வேண்டாம்?"

"சோறு இல்லப்பா. கெசியா. கெசியா வேண்டாம்."

பியூலா அகப்பையைக் கீழே போட்டாள். பாய்ந்து போய் மகளைத் தூக்கினாள். தூக்கி, பழைய அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்த நோவு இருந்த இடத்தை மனசால் தடவிப் பார்த்தாள். பல் விழுந்த ஈறு மாதிரி வழவழவென்று இருந்தது. யாரோ ஒருத்தி பப்பாளிக்காய் தின்றாள். யாரோ ஒருத்தி ஒரு பிள்ளையை வேண்டாமென்றாள். அந்த ஒருத்தி இந்தப் பிள்ளைதானே, இவளேதானே வேண்டாம் என்றாள் என்று மனசு நிதானமாகச் சொன்னது. பியூலாவுக்குப் பயம் வந்தது. உலகத்தில் எதற்கும் அவள் அப்படிப் பயந்ததில்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். உங்களுடையதை நீங்களே வந்து ஒருதரம் சொல்லுங்கள், சொல்லித் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளை தாங்க மாட்டாள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டாள். எல்லோரும் நல்ல மனுஷர்கள்தான். உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். மெர்லின் அக்கா ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, கெசியாவின் தலையைத் தடவினாள்.

"நான் என்னத்தச் சொல்ல மைனி? ஒங்க பிள்ளைல்லா எங்க மாமியாருக்குத் தண்ணி குடுக்கல. போட்டும். சின்னப்பிள்ள, தெரியாமப் பண்ணிட்டு. நான் எப்பமோ மன்னிச்சுட்டேன்."

பொன்னுத்துரை நாடாரும் மன்னித்திருந்தார். வாத்தியாரும். ஐயர், தலையில் கைவைத்து, கல்லும் கரையும்படி ஒரு ஜெபம் செய்தார். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு இப்போது எள்ளளவும் சந்தேகம் இல்லை. கெசியா அவர் கைக்குக் கீழே இருந்துகொண்டு கூரையைப் பார்த்தாள்.

வீடு வந்து சேரும்போது மணி அடித்தது. பியூலா பாயை விரித்தாள். பெஞ்சில் காத்திருந்தவர்களைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். புருஷனையும் ரூபனையும் உட்கார வைத்து, கெசியாவை எதிரே உட்கார வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தானே தப்பு சொல்லத் தொடங்கினாள். பப்பாளிக்காயைச் சொன்னாள். சொன்ன சொல் உமி மாதிரிப் பறந்தது, ஒட்டவில்லை. அது அவளுடையதாக இல்லை. எள்ளைச் சொன்னாள், படியைச் சொன்னாள், எதுவும் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான், கொடுத்ததெல்லாம் போக, இன்னும் யாருக்கும் கொடுக்காத ஒன்று தன்னிடம் இருப்பது அவளுக்குத் தட்டுப்பட்டது.

"ஏசப்பா" என்றாள். "எம் பிள்ளைகிட்ட ஒரு தப்பும் இல்ல. இல்லன்னு அவ சொன்னா. நான் நம்பல. சோத்தக் காட்டிச் சொல்ல வச்சேன். ஊர்க்காரங்க தப்பையெல்லாம் சொல்ல வச்சேன். என்னோட தப்பையும் அவ தலையில வச்சேன்."

இது ஒட்டியது. நெஞ்சுக்குள் கல்லைத் தூக்கி வைத்தது போல விழுந்து உட்கார்ந்தது. வலித்தது. வலிக்கிறதே, எனக்கு வலிக்கிறதே என்று பியூலா வாய்விட்டு அழுதாள், அத்தனை நாளும் காணாமல் தேடியது கிடைத்தவள் போல அழுதாள்.

எதிரே கெசியா கண்ணைத் திறந்து அம்மாவையே பார்த்தாள். பாயில் நகர்ந்து நகர்ந்து வந்து, சிவந்த உள்ளங்கையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதம்மா. அதையும் நானே சொல்லிருதேன்" என்றாள். சொல்லிவிட்டு விரல்களைக் கோத்துக்கொண்டாள். "ஏசப்பா, நான்..."

பியூலா அவள் வாயைப் பொத்தினாள்.

ரட்சணியபுரத்துக்குப் போகிறவர்கள் சாயங்கால மணி அடித்தபின் அந்தத் தெருவில் நடந்தால் பார்க்கலாம். இப்போது அந்த வீட்டில் தட்டு எடுத்து வைப்பது பியூலாதான். நான்கு தட்டு வைத்து, மீன் வயிற்றுக் கண்டத்தைக் கெசியாவின் தட்டில் வைக்கிறாள். முன்பு ஏன் வைத்தோம் என்பது அவள் மனசில் இல்லை. வைக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. கெசியா சில நாள் தின்கிறாள், சில நாள் தின்பதில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் பியூலா மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற ஊர், "பச்சப்பிள்ளைய ஒரு ஜெபம் பண்ண விடமாட்டேங்காளே, இவளும் ஒரு தாயா" என்று வருத்தப்பட்டுக்கொண்டு போகிறது.

உள்ளே, பிள்ளையின் உதடு கைக்குக் கீழே அசைந்துகொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு வலிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பியூலா கையை எடுக்காமல், தன்னிடம் மிஞ்சிய அந்த ஒரே தப்பை மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறாள்.